பள்ளிக்கூடம் இல்லாத வீட்டில் டிசம்பர்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போவதில்லை, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம், டிசம்பர் பிறந்தால் பாடப் புத்தகங்களைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவேன் என்று. அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேருக்கு ஆச்சரியம், மீதிப் பேருக்குக் கோபம். தெரியாதவர்களுக்காக: பெரியவளுக்கு 11, சின்னவனுக்கு 7, சொந்த ஊர் நாகர்கோவில். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கச் சட்டம் விடுகிறதா? விட்டாலும், ஒரு மாதம் முழுக்கப் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்களா?
– ஒரு வாசகர், ஈரோடு

விடுகிறது. பிள்ளைக்கு அதன் வயதுக்கும் திறமைக்கும் தேவைக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பள்ளிக்கு அனுப்பியும் செய்யலாம், வேறு வகையிலும் செய்யலாம். அந்த 'வேறு வகை' என்ற சொல்லுக்குள்தான் நாங்கள் எல்லாரும் குடியிருக்கிறோம். தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை, இத்தனை மணி நேரம் என்ற கணக்கும் இல்லை. ஏற்கனவே பள்ளியில் இருக்கும் பிள்ளை என்றால் தலைமை ஆசிரியருக்கு எழுதிக்கொடுத்து நிறுத்த வேண்டும். உள்ளூர் நிர்வாகம் இடையிடையே கடிதம் போட்டு என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று விசாரிக்கும், நாங்களும் பதில் எழுதுவோம். இதெல்லாம் இங்கிலாந்துக்கு, ஸ்காட்லாந்தில் பிள்ளையை நிறுத்துவதற்கே பொதுவாக ஒப்புதல் வாங்க வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்குப் பதிவேடு வேண்டும் என்று 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவும் கொண்டுவந்தார்கள், அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

புத்தகத்தை மூடும் பழக்கம் எப்படி வந்தது என்றால், முதல் வருடம் நான் ஒரு பள்ளிக்கூடத்தையே வீட்டுக்குள் நடத்திப் பார்த்தேன். 9 மணிக்கு வருகைப் பதிவு (இரண்டே பிள்ளைகளுக்கு!), 3 மணி வரை கால அட்டவணை, சுவரில் நட்சத்திர ஸ்டிக்கர். டிசம்பர் முதல் வாரத்தில் மூன்று பேருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காத நிலைக்கு வந்துவிட்டோம். ஒரு திங்கட்கிழமை பெரியவள் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வர மாட்டேன் என்றாள், எனக்கும் அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. அன்றோடு மூடினேன்.

போன வருடம்தான் இங்கிலாந்து வந்தோம். நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளை அந்தச் சாயங்கால நேரத்தில் சமாளிக்கவே எனக்கு மூச்சுமுட்டுகிறது. நாள் முழுக்க வீட்டில் வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுகிறீர்கள் அக்கா?
– ஒரு வாசகி, லெஸ்டர்

நாள் முழுக்க வீட்டில் வைத்திருந்தால் யாராலும் ஓட்ட முடியாது தங்கச்சி. டிசம்பரில் எங்கள் நாளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடுவோம். வெளிச்சம் இருக்கும்போது வெளியே, இருட்டிய பிறகு உள்ளே. காலை 10 மணிக்கு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினால் 1 மணி வரை பூங்கா, கால்வாய்க்கரை, காடு, எங்கேயாவது சேற்றில் கிடப்பார்கள். மழை என்றால் மழைக்கால்சட்டை, அவ்வளவுதான். இந்த ஊரில் மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் மார்ச் வந்துவிடும். ஆனால் வெளியே கூட்டிப்போகிறேன் என்று வைட்டமின் டியை மறந்துவிடாதீர்கள். இங்கே குளிர்கால வெயில் தோலுக்குப் போதாது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லாரும் தினமும் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது தேசிய சுகாதாரச் சேவை, கருத்த தோல் உள்ளவர்களுக்கு வருடம் முழுவதுமே. நம் ஆட்கள் நிறையப் பேர், 'நமக்கெதற்கு, நாம் வெயிலில் பிறந்தவர்கள்' என்று விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் இந்த இருட்டு இருக்கிறதே, அதைத் திட்டுவதை நிறுத்திவிட்டு அதையே பாடமாக்கிக்கொண்டோம். டிசம்பர் 21 வாக்கில் லீட்ஸில் பகல் 7 மணி 24 நிமிடம்தான். அதே நாளில் நாகர்கோவிலில் கிட்டத்தட்ட 11 மணி 40 நிமிடம். இதைச் சொன்னதும் சின்னவன் தாத்தா நம்மைவிட அதிக நேரம் விளையாடுவார் என்று பொறாமைப்பட்டான், பெரியவளோ எப்படி நிரூபிப்பது என்று கேட்டாள். சரி, நிழலை அளப்போம் என்று முடிவானது. ஒரு மீட்டர் குச்சியை நட்டுவைத்து, சூரியன் உச்சிக்கு வரும்போது நிழலை அளக்க வேண்டும். நாகர்கோவிலில் அது மதியம் 12:20 வாக்கில் வரும், அந்த நேரத்தில் இங்கே விடியக்கூட இல்லை. நாங்கள் எழுவதற்குள் என் அப்பா மொட்டை மாடியில் குச்சியை நட்டு அளந்து, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஏன் இன்னும் பதில் இல்லை என்று இரண்டு முறை கேட்டும்விட்டார். 62 சென்டிமீட்டர்.

எங்கள் பக்கம் மூன்று நாள் மேகம். நாலாம் நாள் வெயில் வந்தது, குச்சியை நட்டால் நிழல் புல்வெளியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வேலியில் ஏறி நின்றுவிட்டது. கணக்குப்படி 4.4 மீட்டர் வர வேண்டும், எங்கள் தோட்டம் அவ்வளவு நீளமே இல்லை! கடைசியில் 30 சென்டிமீட்டர் ஸ்கேலை நிறுத்திவைத்து அளந்தோம், 1.3 மீட்டர் வந்தது. 'அப்ப ஒரு மீட்டர் குச்சிக்கு எவ்வளவு?' என்று பெரியவள் தானாகவே கணக்குப் போட உட்கார்ந்தாள், நான் வாயே திறக்கவில்லை. மூன்று நாள் தள்ளிப்போனதில் ஒன்றும் மோசமில்லை, அந்த நாட்களில் உச்சி நிழலின் நீளம் அதிகம் மாறாது.

ஃபிரிட்ஜ் கதவில் தினமும் சூரியன் மறையும் நேரத்தையும் எழுதிவைத்தார்கள், அதில்தான் ஒரு வேடிக்கை. மிகக் குறுகிய பகல் 21ஆம் தேதி என்றால் மிகச் சீக்கிரம் இருட்டுவதும் அன்றுதானே? இல்லை. இங்கே அது 12, 13ஆம் தேதியிலேயே வந்துவிடுகிறது, மிகத் தாமதமான விடியலோ மாதக் கடைசியில். சூரியன் உச்சிக்கு வரும் நேரமே டிசம்பரில் ஒவ்வொரு நாளும் அரை நிமிடம் போலத் தள்ளிக்கொண்டே போவதால் வரும் வினை இது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதும், ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே வருவதால் சற்று வேகமாக ஓடுவதும் சேர்ந்து செய்கிற வேலை. 'பக்கத்தில் வந்தால் சூடாகத்தானே இருக்க வேண்டும்?' என்பான் சின்னவன். ஜனவரியில் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. அந்த வித்தியாசம் பெரிதில்லை, சாய்வுதான் எஜமான் என்று ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச் விளக்கையும் வைத்துக் காட்டினேன். விளக்கி முடிப்பதற்குள் பூமியை உரித்துத் தின்றுவிட்டான்.

கிறிஸ்துமஸுக்கு அங்கே குழந்தைகளோடு என்ன சமைப்பீர்கள்? கேக்தானா?
– ஒரு வாசகி, சேலம்

கேக்கைவிடப் புட்டிங் சுவாரசியம். நம் ஊர்ப் பால் புட்டிங்கை நினைக்காதீர்கள், இது உலர்ந்த திராட்சை வகைகள், பிரெட் தூள், கருஞ்சர்க்கரை, முட்டை, மாட்டுக் கொழுப்பு (தாவரக் கொழுப்பும் கிடைக்கிறது, நாங்கள் அதுதான்), ஜாதிக்காய், பட்டை எல்லாம் சேர்த்துக் கிண்ணத்தில் அடைத்து ஆவியில் வேகவைக்கும் கரிய பண்டம். இதைக் கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே செய்து வைத்துவிட வேண்டும். அதற்கென்று ஒரு நாளே உண்டு, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் நாலு வாரமான திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, 'கிளறும் ஞாயிறு'. அன்று ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து சபை ஆலயங்களில் சொல்லும் பழைய மன்றாட்டு 'கிளறிவிடும், ஆண்டவரே' என்று தொடங்கும். விசுவாசிகளின் மனதைத்தான் கிளறச் சொல்கிறது, மக்கள் அதைக் கேட்டதும் வீட்டுக்குப் போய் மாவைக் கிளற வேண்டும் என்று ஞாபகப்படுத்திக்கொண்டார்களாம். வீட்டில் உள்ள எல்லாரும் ஆளுக்கு ஒரு முறை கிழக்கிலிருந்து மேற்காகக் கிளற வேண்டும், குழந்தை இயேசுவைப் பார்க்க ஞானிகள் கிழக்கிலிருந்து வந்தார்கள் அல்லவா. உள்ளே ஒரு வெள்ளி ஆறு பென்ஸ் காசு போடுவார்கள், யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். ஆறு பென்ஸ் 1980இல் செல்லாக்காசாகிவிட்டது, நாங்கள் வேறு காசைக் கொதிக்கவைத்துக் கழுவி, பரிமாறும்போதுதான் செருகுகிறோம். பல் போனால் பல் வைத்தியரிடம் முறை கிடைப்பது புட்டிங் வேகுவதைவிட நேரமாகும்.

வேகுவதும் லேசில்லை, ஏழெட்டு மணி நேரம். நான் இட்லிக் கொப்பரையில்தான் வைக்கிறேன், மணிக்கு ஒரு தரம் தண்ணீர் பார்த்து ஊற்ற வேண்டும், அது சின்னவனின் வேலை, கடிகாரம் பார்க்க அவன் கற்றுக்கொண்டதே இப்படித்தான். தண்ணீர் ஊற்றுவது மட்டும் நான்.

இங்கே ஒரு பாவ அறிக்கை. இரண்டாம் வருடம், புத்தகத்தை மூடிவிட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டே புட்டிங்கை வைத்துப் பின்னம் நடத்தினேன். செய்முறையில் உள்ள அளவை முக்கால் பங்காக்கு, இந்த அவுன்ஸை கிராமாக்கு, திராட்சைக்கும் மாவுக்கும் விகிதம் என்ன? பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த பெரியவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, 'அம்மா, இது புட்டிங்கா பரீட்சையா?' என்றாள். சுரீர் என்றது. வீட்டுக் கல்விக்காரர்களுக்கு வரும் பெரிய வியாதி இது, பார்க்கிற எதிலும் பாடத்தைப் பிழிவது. பிள்ளை ஒரு குருவியைப் பார்த்தால் அதன் உணவுச் சங்கிலியைச் சொல்லாமல் நம்மால் இருக்க முடியாது. இப்போது பிள்ளைகள் கேட்டால்தான் சொல்கிறேன், கேட்காவிட்டால் கிளறுகிறேன்.

22, 23ஆம் தேதியில் முந்திரிக்கொத்து. அது இல்லாமல் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. வறுத்த சிறுபயற்றை இங்குள்ள காபி மிக்ஸியில் பொடித்து, தேங்காய், எள், ஏலக்காய், கருப்பட்டிப் பாகு சேர்த்து உருட்டுவது பிள்ளைகள், மாவில் முக்கி மூன்று மூன்றாக ஒட்டிப் பொரிப்பது நான். குளிரில் பாகு நினைத்ததைவிடச் சீக்கிரம் இறுகிவிடுகிறது, அதனால் கை வேகம் வேண்டும். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள், இப்போது நவம்பரிலேயே கேட்கிறார்கள்.

பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம், ஆண்டு விழா என்று எத்தனை இருக்கும். உங்கள் பிள்ளைகள் அதை எல்லாம் இழக்கிறார்களே, வருத்தமில்லையா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

கொஞ்சம் உண்டு. பொய் சொல்ல மாட்டேன். தெருவில் உள்ள மற்றப் பிள்ளைகள் தேவதைச் சிறகோடு போகும்போது சின்னவன் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் எங்கள் குழுவில், அதாவது வாரம் ஒரு நாள் ஊர்க்கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சந்திக்கும் பதினைந்து குடும்பங்கள், நாமே ஒன்று போட்டால் என்ன என்று பேச்சு வந்தது. ஒத்திகை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இங்கே மேய்ப்பர்கள் தலையில் அடுப்படித் துண்டைக் கட்டுவது காலங்காலமான வழக்கம், நான் அப்பாவின் ஈரிழைத் துண்டைக் கொடுத்தேன், எங்கள் மேய்ப்பர்தான் பார்க்க மேய்ப்பர் மாதிரி இருந்தார். யோசேப்பாக நடித்த பையன் பாதியில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழ, மரியாள் தனியாகவே பெத்லகேம் போய்ச் சேர்ந்தாள்.

லீட்ஸின் எல்லையில் ஃபுல்னெக் என்று ஒரு ஊர், 18ஆம் நூற்றாண்டில் மொராவியச் சபை என்ற புராட்டஸ்டண்டு கிறிஸ்தவப் பிரிவினர் உண்டாக்கியது. 'கிறிஸ்டிங்கிள்' வழிபாடு அந்தச் சபையாரிடமிருந்துதான் வந்தது. 1747இல் ஜெர்மனியின் மாரியன்போர்னில் ஒரு பாதிரியார் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் சிவப்பு நாடா சுற்றிய சிறு மெழுகுவர்த்தியைக் கொடுத்தாராம். இப்போது அது ஆரஞ்சுப் பழத்தின் தலையில் மெழுகுவர்த்தி, இடுப்பில் சிவப்பு நாடா, நாலு பக்கமும் குச்சியில் உலர்திராட்சையோ மிட்டாயோ என்று ஆகிவிட்டது. பழம் உலகம், நாடா கிறிஸ்துவின் இரத்தம், நாலு குச்சி நாலு பருவம். 1968இல் ஒரு குழந்தைகள் நல அமைப்பு இதை இங்கிலாந்து சபைக்குள் கொண்டுவந்த பிறகு ஊரெங்கும் பரவிவிட்டது. விளக்குகளை அணைத்துவிட்டு அத்தனை பிள்ளைகளும் பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது அழகு, தலைமுடி நீளமான பெண்பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மட்டும் நெஞ்சு படபடக்கும்.

வீட்டுக்கு வந்து அதே மெழுகுவர்த்தியில் ஒரு விளையாட்டு. ஊதி அணைத்த உடனே எழும் வெள்ளைப் புகையில், திரியைத் தொடாமல், கொஞ்சம் மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகை வழியாகக் கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது திரி இல்லை, மெழுகின் ஆவி என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் 1825இலிருந்து சிறுவர்களுக்காக நடக்கும் கிறிஸ்துமஸ் விரிவுரைகளில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே மட்டும் 19 தொடர்கள் நடத்தியிருக்கிறார், மெழுகுவர்த்தி ஒன்றை வைத்தே ஒரு முழுத் தொடர். இப்போது அந்த விரிவுரைகள் தொலைக்காட்சியில் வருகின்றன, முந்திரிக்கொத்தும் கையுமாகப் பார்ப்போம். அந்த மெழுகுவர்த்தி விளையாட்டை மட்டும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

செலவில்லாமல் செய்ய ஏதாவது கைவேலை சொல்லுங்களேன்.
– ஒரு வாசகர், கொழும்பு

காகிதப் பனிச்செதில். ஒன்றை மட்டும் கவனியுங்கள், கடைகளில் நாலு முனை, எட்டு முனை என்று விற்கிறார்கள், உண்மையான பனிச்செதிலுக்கு ஆறுதான். தண்ணீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியாகும்போது அறுகோணமாகத்தான் அடுக்கிக்கொள்ளும். அதனால் வட்டக் காகிதத்தைப் பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்று சம பங்காக மடிக்க வேண்டும், பிறகு வெட்டலாம்.

உப்பு மாவுப் பொம்மை இன்னொன்று, 2 கப் மைதா, 1 கப் உப்பு, சுமார் 1 கப் தண்ணீர், பிசைந்து வெட்டி, ஓட்டை போட்டு, குறைந்த சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் உலரவிட வேண்டும். முதல் முறை நான் அவசரப்பட்டு அரைகுறையாக எடுத்துவிட்டேன், அடுத்த வருடம் பெட்டியைத் திறந்தால் நட்சத்திரமெல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. நாய் வளர்க்கிறவர்கள் இதை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், அவ்வளவு உப்பு அதற்கு ஆபத்து.

குடிலுக்குப் புல் வளர்க்க ஊரில் கேழ்வரகு தெளிப்போம், இங்கே ஈரப் பஞ்சில் கிரெஸ் என்ற கீரை விதை தூவுகிறோம். ஒரு தட்டு ஹீட்டர் மேலே, ஒரு தட்டு குளிர்ந்த ஜன்னலோரம் என்று பந்தயம் வைத்தார்கள். ஹீட்டர் தட்டு காய்ந்து செத்தது, ஜன்னல் தட்டு மெதுவாக வந்து ஜெயித்தது. இரண்டு பேரும் தோற்றவர் யார் என்று இன்னும் சண்டை.

கோபிக்காதீர்கள், எனக்கு இது வசதியானவர்களின் பொழுதுபோக்காகத்தான் தெரிகிறது. விளையாடிவிட்டுக் கல்வி என்று பெயர் வைக்கிறீர்கள்.
– ஒரு வாசகர், சென்னை

கோபமில்லை. வசதி என்பது பாதி உண்மை. ஒரு சம்பளத்தை விட்டுக்கொடுத்துத்தான் இதைச் செய்கிறோம், அப்படி விட முடியாத குடும்பங்கள்தான் அதிகம். பதினாறு வயதுத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதினால் கட்டணமும் நம் கையிலிருந்துதான். இதற்கும் மேலே, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், வருடத்தில் சில நாட்கள் ஐந்து நிமிடம் தனியாக இருப்பதற்காகவே குப்பை கொட்டப் போகிறேன்.

விளையாட்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், டிசம்பரில் அது விளையாட்டேதான், அதற்குக் கல்வி என்று பெயர் வைப்பதை அந்தப் புட்டிங் நாளோடு விட்டுவிட்டேன். மற்றப் பதினொரு மாதமும் படிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவள் அடுத்த செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறாள். அவளே கேட்டாள். அக்டோபர் 31 கடைசி நாள், விண்ணப்பம் போட்டாயிற்று. இவ்வளவு எழுதுகிறவள் ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். அவள் கேட்டதைச் செய்யத்தானே வீட்டில் வைத்தோம். ஆனால் இந்த வருடம் கிளறும்போது கரண்டி அவள் கையில் வழக்கத்தைவிட நேரம் இருந்தது, நான் வாங்கவில்லை.

உங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் அன்று பனி பெய்யுமா?
– ஒரு வாசகர், வயது 9, தூத்துக்குடி

வாழ்த்து அட்டையில் தவறாமல் பெய்யும். எங்கள் தெருவில் 25ஆம் தேதி நான் பார்த்ததெல்லாம் மழை. ஆனால் இங்கே 'வெள்ளைக் கிறிஸ்துமஸ்' என்று அறிவிக்கத் தரையெல்லாம் வெள்ளையாக வேண்டியதில்லை தம்பி. 25ஆம் தேதியின் 24 மணி நேரத்துக்குள் நாட்டில் எங்காவது ஒரே ஒரு பனிச்செதில் விழுவதைப் பார்த்துப் பதிவு செய்தால் போதும் என்பது பிரிட்டிஷ் வானிலை மையத்தின் விதி. அந்த ஒரு செதில் விழும் நேரம் பார்க்கிறவர் டீ குடிக்கப் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் சின்னவனின் இப்போதைய கவலை. இதைக் கேட்டு வானிலை மையத்துக்கே ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான், இரண்டு பக்கம் தாண்டிவிட்டது. டிசம்பரில் எழுத்து வேலை கிடையாதே என்று நினைவுபடுத்தினேன். தொந்தரவு செய்யாதே என்கிறான்.